கிணற்றுக்கு ஒதுங்கிய கால்

யாழ்ப்பாணத்தில் ஊர்காவற்றுறை பஸ் ஏறியபோது என் மடியில் ஒரு தண்ணீர்ப் போத்தல் இருந்தது. பின் இருக்கையில் இரண்டு பெண்கள்.

"வெளிநாட்டு ஆள்தான். பாரும், போத்திலைப் பிள்ளை மாதிரிக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருக்கிறார்," என்றார் ஒருவர்.

"பாவம், வயித்துக்குப் பயம்," என்றார் மற்றவர்.

நான் புங்குடுதீவு இறுப்பிட்டியில் பிறந்தவன், இருபத்திரண்டு வயது வரை இந்தத் தீவுகளின் உவர்த் தண்ணீரைத்தான் குடித்தவன் என்று திரும்பிச் சொல்ல வாய் உன்னியது. பதிலுக்குப் போத்தலைப் பைக்குள் வைத்தேன். அல்லைப்பிட்டி தாண்டுவதற்குள் தாகம் எடுத்துவிட்டது. மண்கும்பானில் தொண்டை வறண்டது. இனி எடுத்தால் மானம் போகும் என்று வேலணை வரை எச்சிலை விழுங்கிக்கொண்டு வந்தேன். என் வீம்பு எனக்கே தெரிந்ததுதான்.

பைக்குள் ஒரு வெள்ளைக் கராத்தே உடுப்பும், நான்காம் தரக் கறுப்புப் பட்டியும், ஒரு பரீட்சைப் படிவமும் இருந்தன. பெர்ன் நகரத்தில் ட்ராம் வண்டிகளைக் கழுவிப் பராமரிக்கிற பட்டறையில் எனக்கு வேலை. புதன் மாலையும் சனி காலையும் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் சுவிஸ் பிள்ளைகளுக்குக் கராத்தே சொல்லிக் கொடுக்கிறேன். இந்தப் பயணம் விடுமுறைக்கு அல்ல. ஊர்காவற்றுறையில் ஜெசிந்தா என்கிற ஒரு பெண்ணுக்குக் கறுப்புப் பட்டிப் பரீட்சை வைக்க வந்தேன்.

ஜெசிந்தா என் சிநேகிதன் அன்ரனின் மனைவி. அன்ரனும் நானும் ஒன்றாக வெள்ளைப் பட்டி கட்டியவர்கள். நான் தொண்ணூறில் சுவிஸுக்கு வெளிக்கிட்டேன். அவன் கடலை விட்டு வரமாட்டேன் என்று நின்றான். இடம்பெயர்ந்திருந்த முகாமில் கலியாணம் முடித்தான், முடித்த கையோடு பெண்சாதிக்கும் ஒரு வெள்ளைப் பட்டியைக் கட்டிவிட்டான். கூடாரத்துக்கும் கூடாரத்துக்கும் நடுவில் இருந்த இடத்தில் பழக்கினானாம். ஊர் திரும்பியதும் இருவரும் சேர்ந்து பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தினார்கள். மூன்று வருடத்துக்கு முன் அன்ரன் ஒரு காலை, வலை இழுத்துக்கொண்டிருந்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு வகுப்பு ஜெசிந்தாவின் கையில். அவருடைய இடுப்பில் இருப்பது மண்ணிறப் பட்டி, கறுப்புக்கு முந்தியது. யுத்த காலத்தில் கொழும்புக்குப் போய்ப் பரீட்சைக்கு நிற்க அன்ரனுக்கும் ஏலவில்லை, அவருக்கும் ஏலவில்லை.

இப்போது கராத்தேச் சங்கம் புதுச் சட்டம் போட்டிருக்கிறது. வருகிற தை மாதத்திலிருந்து கறுப்புப் பட்டி இல்லாதவர் நடத்துகிற வகுப்பின் பிள்ளைகளுக்குத் தரம் இல்லை, மாகாணப் போட்டியில் இடமும் இல்லை. ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலுமாக ஜெசிந்தாவிடம் நாற்பது பிள்ளைகள். தீவில் வேறு கறுப்புப் பட்டிக்காரர் கிடையாது. ஜெசிந்தா தேறினால் வகுப்பு, தேறாவிட்டால் பூட்டு. 'நீங்கள் வந்தால் எனக்குத் துணிவு அண்ணை' என்று எழுதியிருந்தார். நான் சங்கத்துக்கு எழுதி, பரீட்சகர் இருவரில் ஒருவராக என் பெயரைப் போடுவித்தேன்.

முதல் நாள் மத்தியானம் ஜெசிந்தாவின் வீட்டில் புட்டும் நண்டுக் குழம்பும். அன்ரனின் படம் அலுமாரிக்கு மேல் இருந்தது. மெலிந்து, கறுத்து, ஒரு சேர்ட்டின் மேல் பொத்தானைப் பூட்டி, படம் எடுப்பவனை ஏசப்போகிறவன் மாதிரி நின்றான். நண்டின் காலைக் கடித்தபடி அந்தப் படத்தைப் பார்க்க எனக்குக் கண் நிறைந்தது. உறைப்பு என்று சொல்லிச் சமாளித்தேன்.

"உறைப்புக் குறைச்சுத்தான் அண்ணை போட்டனான்," என்றார் ஜெசிந்தா. நாற்பத்தெட்டு வயது, உயரம் குறைவு, கைகள் வலை இழுத்த கைகள். காலையில் கடற்கரை மீன் வாடியில் மீன் நிறுத்துக் கொடுப்பார், மாலையில் வகுப்பு.

நாலரை மணிக்கு வகுப்பு நடக்கிற மண்டபத்துக்குப் போனோம். கடல் காற்று ஒரு பக்க யன்னலால் வந்து மறு பக்கத்தால் போனது. இருபது பிள்ளைகள், வெறுங்கால், சிமெந்துத் தரை. பெர்னில் என் பிள்ளைகளுக்கு நீல நிறப் பஞ்சு விரிப்பு. அங்கே பட்டிகளுக்கு நடுவில் அரைப் பட்டி, கால் பட்டி என்று கோடு கோடாக ஒட்டிக் கொடுப்போம். கொடுக்காவிட்டால் பிள்ளை சோர்ந்துபோகும், தாய் கேட்க வருவாள். இங்கே ஒரு சிறுமியின் மஞ்சள் பட்டியைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தேன். சந்தேகமே இல்லை, குசினி மஞ்சள்தான். நாங்களும் அப்படித்தான். மஞ்சள் பட்டிக்கு மஞ்சள், மண்ணிறத்துக்கு வலைக்குத் தோய்க்கிற மரப்பட்டைச் சாயம். என் மண்ணிறப் பட்டி மழை நனைந்தால் வெள்ளை உடுப்பில் வடிந்து ஓடும். அம்மா அதைத் தனிக் கல்லில் போட்டுத் துவைப்பா.

பிள்ளைகள் நன்றாகச் செய்தார்கள். நிலை ஊன்றியிருந்தது, குத்து நேரே போனது. பெர்னில் ஆறு மாதம் தொண்டை கிழியக் கத்தினாலும் வராத ஒழுங்கு இது என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. பிறகு மூத்த பிள்ளைகள் நால்வரும் ஜெசிந்தாவும் ஒரு காட்டா செய்து காட்டினார்கள். காட்டா என்பது எதிரி இல்லாமல் தனியாகச் செய்கிற பாடம். குத்து, தடுப்பு, திரும்பல் எல்லாம் ஒரு வரிசையில் வரும், ஒரு விரல் மாறக்கூடாது. கறுப்புப் பட்டிப் பரீட்சையில் முதலில் பார்ப்பது அதைத்தான்.

நடுவில் ஓர் இடத்தில் இடது மூலையைப் பார்த்துத் திரும்பி மூன்று முழுக் காலடி முன்னேறி, மூன்றாவதில் குத்த வேண்டும். ஐந்து பேரும் திரும்பினார்கள். ஒன்று, இரண்டு. மூன்றாவது காலடியைப் பாதியில் நிறுத்தி, இடது தோளைச் சற்று உள்ளே இழுத்து, கண்ணை ஒரு கணம் கீழே போட்டு எடுத்து, குத்தினார்கள். ஐவரும் ஒரே மாதிரி.



அந்தத் தோளை எனக்குத் தெரியும். அந்தக் கண்ணையும் தெரியும்.

"எப்பிடி அண்ணை?" என்று கேட்டார் ஜெசிந்தா.

"நல்லாக் கிடக்கு," என்றேன். வாய் பழகிப்போயிருந்தது.

இரண்டாம் நாள் சனிக்கிழமை. சனிக்கிழமைகளில் ஜெசிந்தா நெடுந்தீவுக்குப் போய் வகுப்பு எடுக்கிறார். நானும் கூடப் போனேன். குறிகட்டுவான் இறங்குதுறையில் ஒரு கடையில் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டோம். சொதியில் இரண்டாம் கரண்டி விடும்போதே ஜெசிந்தா எச்சரித்தார்.

"கடல் இண்டைக்குக் கொஞ்சம் அடிக்குது. வயித்தை நிரப்பாதேங்கோ."

தீவானுக்குக் கடலைப் பற்றி யார் சொல்வது என்று மூன்றாம் கரண்டியும் விட்டேன். படகு ஆழத்துக்குப் போய் அரை மணி நேரத்தில், விளிம்பில் தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு, சொதியை வந்த வழியே கடலுக்குக் கொடுத்தேன். பக்கத்தில் இருந்த ஒரு கிழவர் முதுகைத் தடவிவிட்டு, "சிங்களத் தம்பியோ?" என்று ஜெசிந்தாவிடம் கேட்டார்.

"இல்லை அப்பு, இறுப்பிட்டிதான்," என்றார் ஜெசிந்தா. கிழவர் நம்பவில்லை.

நெடுந்தீவில் கடலில் எடுத்த முருகைக்கல்லால் கட்டிய மதில்களுக்கு நடுவே நடந்து ஒரு பள்ளிக்கூட வளவுக்குப் போனோம். வேப்பமர நிழலில் பதினெட்டுப் பிள்ளைகள் ஏற்கெனவே வரிசையில் நின்றார்கள். யாரும் சொல்லாமலே நின்றார்கள். ரீச்சர் வருகிற படகின் சத்தம் கேட்டதும் வந்துவிடுவார்களாம். அவர்களில் பெரிய பிள்ளைகள் இருவர் அதே காட்டாவைச் செய்தார்கள். மைதானம் நாற்புறமும் திறந்து கிடந்தது. முன்னால் ஒரு தடையும் இல்லை, ஒரு குதிரை மட்டும் தூரத்தில் மேய்ந்தது. இரண்டு முழுக் காலடி, மூன்றாவது அரை. தோள் உள்ளே, கண் கீழே.

திரும்பும்போது படகின் இயந்திரம் நடுக்கடலில் நின்றது. ஓட்டியவர் அவசரப்படவில்லை. ஏதோ ஒரு குழாயைக் கழற்றி வாயால் ஊதினார். "பத்து நிமிசம்," என்றார். சுவிஸில் ட்ராம் இரண்டு நிமிடம் நின்றால் ஒலிபெருக்கியில் மூன்று மொழியில் மன்னிப்புக் கேட்பார்கள். இங்கே ஒருவரும் தலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு பெண் பையிலிருந்து பனங்காய்ப் பணியாரத்தை எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுத்தாள்.

"அண்ணை, நேற்றையில இருந்து உங்கட முகம் சரியில்லை," என்றார் ஜெசிந்தா. "என்னில ஏதும் பிழை கண்டனீங்களோ?"

பணியாரத்தை மடியில் வைத்தேன். இனியும் வாயை மூடினால் நான் மனிதன் இல்லை என்று பட்டது. சொன்னேன்.

இறுப்பிட்டியில் எங்கள் வகுப்பு ஒரு வீட்டு வளவில் நடந்தது. மாஸ்ரர் கொழும்பில் வேலை பார்த்தபோது பழகிக்கொண்டு வந்தவர். வளவு சிறியது. அதன் இடது மூலையில் ஒரு கிணறு, இடுப்புக்குக் கீழான கட்டு. காட்டாவில் மூன்றாவது காலடியை முழுதாக வைத்தால் முழங்கால் கட்டில் மோதும். முன் வரிசை காலைக் குறைத்தது, பின் வரிசை முன்னால் நிற்பவனை இடிக்காமல் இருக்கத் தானும் குறைத்தது. நானும் அன்ரனும் சேர்ந்தபோது மூத்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். நாங்கள் அதைப் பாடம் என்றே பழகினோம். கட்டைப் பார்க்கிற பார்வையைக்கூட விடாமல் பழகினோம்.

பெர்னுக்குப் போய் இரண்டாம் வருடம் நான் கறுப்புப் பட்டிப் பரீட்சையில் நின்றேன். நடுவில் அங்கத்தைய ஆசிரியர் கையைத் தட்டி நிறுத்தினார். "நீ அங்கே கீழே எதைப் பார்க்கிறாய்?" என்று அவருடைய மொழியில் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். என்னைத் தேறவிடவில்லை. வீட்டுக்குப் போகிற ட்ராமில் கண்ணை மூடி மனதுக்குள் அதே காட்டாவைச் செய்து பார்த்தேன். அந்த இடம் வந்ததும் கிணறு வந்தது. கட்டின் மேல் வைத்திருந்த வாளிகூடத் தெரிந்தது. ட்ராமில் இருந்தபடியே அழுதேன். பக்கத்தில் இருந்த கிழவி எனக்கு ஒரு மிட்டாய் தந்தாள். அந்த அரைக் காலடியை மறக்க எனக்கு ஒன்றரை வருடம் எடுத்தது.

இவ்வளவையும் சொல்லி முடித்தேன். இயந்திரம் இன்னும் உயிர்க்கவில்லை.

"அப்ப உங்களுக்குத் தொண்ணூத்திரண்டில இருந்து தெரியும்," என்றார் ஜெசிந்தா.

"ஓம்."

"இவர் உங்களுக்குப் போனில வீடியோ எடுத்து அனுப்பேக்கையும் தெரியும்."

"ஓம்."

"நல்லாக் கிடக்கு எண்டு எழுதினீங்கள். அதை எனக்கு எத்தினை தரம் வாசிச்சுக் காட்டினவர் தெரியுமோ? 'பார், சுவிஸில கறுப்புப் பட்டிக்காரன் சொல்லுறான்' எண்டு வாடியில எல்லாருக்கும் காட்டினவர்."

நான் ஏன் சொல்லவில்லை? அன்ரன் எவ்வளவு கஷ்டத்துக்குள் அந்த வகுப்பை நடத்துகிறான், விரிப்பும் மண்டபமும் சுகமும் உள்ள நான் இங்கேயிருந்து அவனுடைய காலைப் பிழை பிடிப்பதா என்று நினைத்தேன். அது ஒரு காரணம். அந்த வீடியோக்களில் அந்த அரைக் காலடியைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது என்பது மற்றக் காரணம். உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒன்று அது, என் வளவு, என் கிணறு. அதைத் திருத்திவிட்டால் அதுவும் இல்லை. என் ஊர் ஞாபகத்துக்காக ஒரு வகுப்பையே பிழையாகப் பழக விட்டிருக்கிறேன். படகில் இருந்தபோதுதான் இது எனக்கே வெளித்தது, வெட்கமாக இருந்தது.

இயந்திரம் உயிர்த்தது. ஜெசிந்தா எழும்பிப் போய்ப் படகின் முன்பக்கத்தில் இருந்துகொண்டார்.

மூன்றாம் நாள் காலை அவர் பூசைக்குப் போய்விட்டார். எனக்குப் பாணும் சம்பலும் மூடி வைத்திருந்தது. பக்கத்தில் ஒரு கடுதாசித் துண்டு இல்லை, ஒன்றும் இல்லை. கோபத்திலும் சாப்பாட்டை மூடி வைக்கிற வீட்டில் குற்றவாளியாக இருந்து சாப்பிடுவது போல ஒரு தண்டனை கிடையாது. பாதிப் பாண் அப்படியே கிடந்தது.

பத்து மணிக்கு வந்தார். உடுப்பை மாற்றிக்கொண்டு நேரே மண்டபத்துக்குப் போனார். நான் பின்னால் போனேன். தரையில் வெண்கட்டியால் மூன்று கோடு கீறி வைத்திருந்தார்.

"காட்டுங்கோ," என்றார்.

காட்டினேன். பிறகு அவர் செய்தார். இருபது தரம், முப்பது தரம். கோட்டைப் பார்த்துச் செய்தால் கால் சரியாக விழுந்தது. காட்டாவை ஆரம்பத்தில் இருந்து வேகத்தோடு செய்தால் கால் தன் பாட்டுக்கு நின்றது. இருபத்தைந்து வருடம் பழகிய கால். நான் நாளைய பரீட்சகன், இன்று அவருக்குச் சொல்லிக் கொடுப்பது ஒழுங்கோ என்றும் மனம் உறுத்தியது. மற்றப் பரீட்சகருக்குப் போன் எடுத்து நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் இருக்கிற நவரத்தினம் சேர், ஓய்வு பெற்ற நில அளவையாளர், ஐந்தாம் தரக்காரர்.

"பழக்கும். பழக்கக்கூடாது எண்டு சட்டம் இல்லை," என்றார். "நாளைக்கு நான் காலைத்தான் பாப்பன், கதையைப் பாக்கமாட்டன்."

பின்னேரம் ஜெசிந்தா தரையில் இருந்துவிட்டார். பாதத்தில் தோல் உரிந்திருந்தது.

"எனக்கு உங்களில கோவம் அண்ணை," என்றார். "ஆனா கோவம் இல்லாத மாதிரி நடிக்க இப்ப நேரம் இல்லை. இன்னொருக்காச் செய்வம்."

நான்காம் நாள் பரீட்சை. நவரத்தினம் சேர் முதல் பஸ்ஸில் வந்தார். குடை, மூக்குக் கண்ணாடி, ஒரு தேத்தண்ணிப் போத்தல். எழுபது வயதிலும் முதுகு வளையவில்லை. சின்னப் பிள்ளைகளின் பரீட்சை முதலில் நடந்தது, எல்லோரும் தேறினார்கள். ஜெசிந்தாவின் முறை வந்தபோது பிள்ளைகள் சுவரோரமாக இருந்தார்கள். தாய்மார் யன்னல்களில் நின்றார்கள். மீன் வாடியில் அன்று பாதிப் பேர் இல்லை என்று யாரோ சொன்னார்கள்.

அடிப்படைகள் நன்றாகப் போயின. இரண்டு இளைஞர்களோடு சண்டைப் பயிற்சியிலும் அவர் அசையவில்லை. நவரத்தினம் சேர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு காட்டா.

அப்படி ஒரு காட்டாவை நான் அதிகம் பார்த்ததில்லை. அவருடைய மூச்சு எனக்குக் கேட்டது. இடது மூலைக்குத் திரும்பினார். ஒன்று. இரண்டு. மூன்றாவது கால் போனது, போய்ப் பாதியில் நின்றது. தோள் உள்ளே வந்தது. கண் கீழே விழுந்தது. குத்து.

அது நடந்தது அவருக்கும் தெரியும். ஆனாலும் நிறுத்தவில்லை. கடைசி வரை செய்து, வணங்கி, நேரே நின்றார்.

நவரத்தினம் சேர் என்னை வெளியே கூட்டிப் போனார். கடலுக்குள் இருக்கிற பழைய கோட்டை வெயிலில் கிடந்தது. அவர் போத்தலைத் திறந்து ஒரு மிடறு குடித்துவிட்டு என்னிடமும் நீட்டினார்.

"தம்பி குலம், நீர் கண்டனீர்தானே?"

"கண்டனான் சேர்."

"மற்றதெல்லாம் திறம். நான் போன மாசம் யாழ்ப்பாண ரவுனில மூண்டு பேருக்குக் கறுப்புக் குடுத்தனான். மூண்டு பேரும் இந்தப் பிள்ளையின்ரை கால் தூசிக்கு வராயினம்." மண்டபத்துப் பக்கம் திரும்பினார். "நாப்பது பிள்ளையள். எனக்கும் விளங்குது. நீர் வேணுமெண்டால் நானும் ஒருக்காக் கண்ணை மூடுவன். ஆனா முதல்ல நீர் மூடவேணும்."

மூடலாம். சுவரோரம் இருந்த பிள்ளைகளின் முகம் கண்ணுக்குள் நின்றது. ஒரு கையெழுத்துத்தான். அன்ரனுக்கு நான் பட்ட கடனும் தீரும் என்று ஒரு மனம் சொன்னது. தீராது, இன்னும் கூடும் என்று மற்ற மனம் சொன்னது. நான் கண்ணை மூடியதால்தான் அவர் இன்று அந்த மூலையில் தடக்கினார். இன்னொரு தரம் மூடினால் அவர் அந்த அரைக் காலடியைக் கறுப்புப் பட்டியோடு இன்னும் நாற்பது பிள்ளைகளுக்குக் கொடுப்பார். மாகாணப் போட்டியில் அந்தப் பிள்ளைகளை எவனோ ஒருவன் கையைத் தட்டி நிறுத்துவான்.

"முப்பது வருசமா மூடினனான் சேர்," என்றேன். "இனி ஏலாது."

"அப்ப சரி," என்றார். அவருக்கும் துக்கம்தான், ஆனால் என்னை மதித்த மாதிரி இருந்தது.

நானே போய்ச் சொன்னேன். ஜெசிந்தா தலையை ஆட்டினார். ஒரு சின்னப் பெண் பிள்ளை மட்டும் விக்கி விக்கி அழுதாள். யன்னலில் நின்ற தாய்மாரில் ஒருவர், "வெளிநாட்டில இருந்து வந்து விழுத்திப்போட்டுப் போறார்," என்று எனக்குக் கேட்கத்தக்கதாகச் சொன்னார். அதில் பிழை ஒன்றும் இல்லை.

மீள்பரீட்சைக்கு ஆறு மாதம் செல்லும். அதற்குள் தை வந்துவிடும். நான் நவரத்தினம் சேரிடம் சங்கத்தின் பதிவுப் படிவத்தைக் கேட்டேன். அதில் 'வகுப்புப் பொறுப்பாளர்' என்று ஓர் இடம் உண்டு. கறுப்புப் பட்டிக்காரர் யாராவது அதில் கையெழுத்து வைத்தால் வகுப்பு தொடரும். ஆனால் வருடம் இரண்டு தரம் அவர் நேரில் வந்து நின்று பரீட்சைக்குப் பிள்ளைகளை விட வேண்டும். வராவிட்டால் வகுப்பின் பதிவு தானாகவே நீங்கும்.

"பெர்னில இருந்தோ?" என்று கேட்டார் நவரத்தினம் சேர்.

"ஓம் சேர்."

"மாசி மாசம் வரவேணும். உமக்கு அங்க லீவு தருவினமோ?"

தெரியாது என்றேன். என் பெயரை எழுதிக் கையெழுத்து வைத்தேன். மனைவிக்குப் போனில் சொன்னபோது, "உங்கட முழங்காலுக்கு ஊர் வெய்யில் நல்லதுதான்," என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று வீட்டுக்குப் போனபிறகுதான் தெரியும்.

படிவத்தைப் பார்த்துவிட்டு ஜெசிந்தா ஒன்றுதான் சொன்னார்.

"நாளைக்கு அந்தக் கிணத்தைக் காட்டுங்கோ."

சனிக்கிழமை தவறாமல் குறிகட்டுவான் வீதியால் போய் வருகிறவர், ஒரு நாளும் இறுப்பிட்டிப் பக்கம் திரும்பியதில்லை. போக ஒரு காரணமும் இருக்கவில்லை. அங்கே அவருக்கு யாரும் இல்லை, எனக்கும் இப்போது யாரும் இல்லை.

ஐந்தாம் நாள் ஓட்டோ பிடித்துப் போனோம். வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் நடுவில், இரு பக்கமும் கடல் இருக்கிற பாலத்து வீதியில் சில்லு காற்றுப் போனது. மாற்றுச் சில்லுக்கும் காற்று இல்லை. ஓட்டோக்காரத் தம்பி, "இதுக்குக் காத்து அடிக்கவேணும் எண்டு நேற்றும் நினைச்சனான்," என்று எங்களுக்கு ஆறுதல் சொன்னார். நாங்கள் நடந்தோம். காற்று முகத்தில் அறைந்தது. இதே வீதியால்தான் அன்ரன் சனிக்கிழமை தோறும் ஊர்காவற்றுறையில் இருந்து சைக்கிள் மிதித்து வருவான். வந்ததும் வாளியில் தண்ணீர் அள்ளித் தலையில் ஊற்றுவான். மாஸ்ரர், "டேய், கிணறு வத்தப்போகுது," என்பார். இதை ஜெசிந்தாவுக்குச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, ஆனால் "இன்னும் சொல்லுங்கோ," என்றார். பின்னால் வந்த ஒரு மீன் லொறி எங்களை ஏற்றிக்கொண்டது.

வளவைக் கண்டுபிடிக்கச் சற்று நேரம் எடுத்தது. வீட்டுக்குக் கூரை இல்லை. எருக்கலை இடுப்பளவு. கிணறு இருந்தது, கட்டின் ஒரு பக்கம் இடிந்து மறு பக்கம் அப்படியே நின்றது. நான் நினைத்ததைவிட எல்லாம் சின்னதாக இருந்தது. இவ்வளவு இடத்துக்குள்ளா பதினாறு பேர் நின்று கத்தினோம் என்று எனக்கே நம்ப ஏலவில்லை. செடிகளை மிதித்து ஒரு பாதை எடுத்தேன்.

"எங்க நிண்டனீங்கள்?"

இடத்தைக் காட்டினேன். அன்ரன் எனக்கு வலப் பக்கத்தில்.

"செய்து காட்டுங்கோ அண்ணை."

காலணியைக் கழற்றி, வணங்கி, தொடங்கினேன். முழங்கால் நோவை மறந்து செய்தேன். இடது மூலைக்குத் திரும்பினேன். ஒன்று. இரண்டு. பெர்னில் முப்பது வருடம் சரியாகப் பழகிய என் கால் மூன்றாவது காலடியைக் குறைவில்லாமல் முழுதாக வைக்கப் போனது. முழங்கால் கிணற்றுக் கட்டில் போய் அடித்தது.

வலியில் உயிர் போய் வந்தது. கட்டிலேயே இருந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். ஜெசிந்தா வாயைப் பொத்தினார். பிறகு பொத்த ஏலாமல் சிரித்தார். நான்கு நாளாகப் பார்க்காத சிரிப்பு. நானும் சிரித்தேன், கண்ணீர் வந்தது, அது வலியால் மட்டும் அல்ல.

"எழும்புங்கோ, நான் ஒருக்காச் செய்யிறன்," என்றார்.

நான் நின்ற இடத்தில் நின்றார். செருப்பைக் கழற்றினார். கிணற்றைப் பார்க்கவே இல்லை. ஆரம்பத்தில் இருந்து, வேகத்தோடு செய்தார். திரும்பினார். ஒன்று, இரண்டு, மூன்றாவது அரை. தோள் உள்ளே வந்து கட்டின் விளிம்புக்கு இடம் விட்டது. கண் கீழே விழுந்து கட்டைப் பார்த்து மேலே போனது. காலுக்கும் கல்லுக்கும் நடுவில் நாலு விரல் இடம் இருந்தது. குத்து அந்தப் பாழ் வளவுக்குள் சுத்தமாக விழுந்தது.

அவர் அந்த வளவைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கிணறு எங்கே இருக்கிறது என்று அவருடைய கால் இருபத்தைந்து வருடமாகத் தெரிந்து வைத்திருந்தது.

முடித்து வணங்கினார். வலப் பக்கம், அன்ரன் நின்ற இடத்துக்கும் ஒரு தரம் வணங்கினார்.

"மாசிக்குள்ள இதை மறந்திடுவன் அண்ணை," என்றார். "பிள்ளையளுக்கும் மாத்திப்போடுவன். இண்டைக்கு மட்டும் இருக்கட்டும்."

தலையை ஆட்டினேன். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு பாதைக்கு நடந்தார். நான் நொண்டிக்கொண்டு பின்னால் போனேன்.